லண்டன் நடுவர்களும் ஒரு ‘சரிங்க’வும்: சரக்கு வழக்கறிஞர் நமக்குத் தேவையா?

2 ஜூன் 2024 (மோல்மேன் வாசகர் எழுதியது)

மூன்று தலைமுறையாகப் பருப்பு வியாபாரம் செய்கிறோம். தாத்தா காலத்தில் ஒப்பந்தம் என்றால் வாய்ச்சொல். அப்பா காலத்தில் தரகர் சீட்டு. இப்போது சென்னைக்காரர் ஒருவர் நான்கு பக்க ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறார். ‘இங்கிலாந்துச் சட்டம், காஃப்டா விதி 125, லண்டன் நடுவர் மன்றம்’ என்று அதில் இருக்கிறது. இதற்கென்றே சரக்கு வழக்கறிஞர்கள் இருக்கிறார்களாம், மணிக்கணக்கில் பணம் வாங்குவார்களாம். நாணயமாக வியாபாரம் செய்பவனுக்கு வக்கீல் எதற்கு? உளுந்து விற்கிறவன் லண்டனுக்கு ஏன் போக வேண்டும்?

3 ஜூன் 2024

லண்டனுக்கு யாரும் போக வேண்டியதில்லை. 2018-இல் எங்கள் வழக்கு அங்கே பதிவானபோது நான் ரங்கூன் பயின்னவுங் சந்தையில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். காஃப்டா என்பது லண்டனில் உள்ள தானிய, தீவன வணிகர் சங்கம். அதன் நடுவர் மன்றத்தில் பெரும்பாலும் எல்லாம் காகிதத்திலேயே முடிந்துவிடும். நடுவர்கள் நீதிபதிகள் அல்லர். தானியமும் தீவனமும் வாங்கி விற்றுப் பழகியவர்கள். வாய்மொழி விசாரணை வைத்தாலும், இரு தரப்பும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டால் ஒழிய, தொழில்முறை வழக்கறிஞர் அங்கே எழுந்து பேச முடியாது. ஆகவே நீங்கள் அஞ்சுகிற அந்த வழக்கறிஞர், தாம் நுழைய முடியாத ஓர் அறைக்காகவே தேர்ச்சி பெற்றவர். எங்கள் வழக்கறிஞரிடம் இதைச் சொன்னபோது, கூத்து மேடையில் திரைக்குப் பின்னால் நிற்பவர்தானே ஆட்டத்தை நடத்துகிறார் என்று கேட்டார். அவர் சிங்கப்பூரில் இருக்கும் தமிழ்ப் பெண்மணி, பெயர் வேண்டாம்.

இந்தக் காஃப்டா 1878 முதல் இயங்கி வருகிறது. நேற்று முளைத்த மோசடிக் கம்பெனி என்று எண்ணிவிடாதீர்கள்.

நாணயம் பற்றிக் கேட்டீர்கள். எங்கள் வழக்கில் இரு தரப்பாரும் நாணயமானவர்கள். சண்டையே அதனால்தான் நீண்டது.

4 ஜூன் 2024

கதையைச் சொல்லாமல் மேலே போனால் விளங்காது.

2017 ஜூலையில், எங்களிடம் வாங்கும் சென்னைக்காரர் ஒருவருக்கு 240 டன் உளுந்து, அதாவது 24 டன் வீதம் பத்துக் கண்டெய்னர், சென்னைத் துறைமுகம் வரை கப்பல் கூலி எங்கள் பொறுப்பு என்ற சி.என்.எஃப் முறையில் ஒப்பந்தமானது. ஆகஸ்ட் 31-க்குள் கப்பலேற்ற வேண்டும். ஆவணங்கள் வங்கிக்குப் போனதும் பணம். அந்த ஆண்டு விலை ஏற்கெனவே தளர்ந்திருந்தது. ஆகஸ்ட் 5 அன்று இந்திய அரசு துவரை இறக்குமதிக்கு ஆண்டுக்கு இரண்டு லட்சம் டன் என்று வரம்பு போட்டது. அன்றே எங்களுக்கு விளங்கியிருக்க வேண்டும். ‘துவரைதானே, நமக்கென்ன’ என்று இருந்துவிட்டோம். ஆகஸ்ட் 21, திங்கட்கிழமை, உளுந்துக்கும் பச்சைப்பயறுக்கும் மூன்று லட்சம் டன் வரம்பு வந்தது. அப்போது எங்கள் பெட்டிகளில் நான்கு கப்பலேறிவிட்டன. ஆறு பெட்டிச் சரக்கு கிட்டங்கியில் கிடந்தது.

மறுநாள் காலை அந்தச் சென்னைக்காரர் என் அண்ணனுக்கு வைபர் செயலியில் எழுதினார். கவர்மெண்ட் இப்படிச் செய்துவிட்டது, மீதி ஆறு பெட்டியை நிறுத்திவிடுங்கள், எங்களால் எடுக்க முடியாது என்பது செய்தி. அண்ணன் பத்து நிமிடத்தில் பதில் அனுப்பினார். அந்தப் பதிலை எழுத்துப் பிசகாமல் தருகிறேன்: ‘சரிங்க. பாத்துக்கலாம்.’

அவ்வளவுதான். பின்னாளில் நூற்றுக்கணக்கான பக்கங்கள் எழுதப்பட்டன. எல்லாம் இந்த இரண்டு சொல்லைச் சுற்றித்தான்.

5 ஜூன் 2024

திருத்தம். 1878-இல் தொடங்கியது லண்டன் தானிய வணிகச் சங்கம். அதுவும் வேறொரு சங்கமும் இணைந்து காஃப்டா என்ற பெயர் வந்தது 1971-இல். தாத்தாவின் வயதைப் பேரனுக்குச் சொல்லிவிட்டேன்.

9 ஜூன் 2024

‘சரிங்க’ பற்றிப் பலர் கேட்டிருக்கிறார்கள், சிலர் சிரித்திருக்கிறார்கள். அப்போது நாங்கள் சிரிக்கவில்லை.

கிட்டங்கியில் கிடந்த ஆறு பெட்டிச் சரக்கை ஆகஸ்ட் கடைசியில் உள்ளூர்ச் சந்தையிலேயே விற்றோம். ஒப்பந்த விலைக்கும் விற்ற விலைக்கும் இடையே டன்னுக்கு 150 டாலர் நட்டம். 144 டன்னுக்கு 21,600 டாலர். ஓராண்டு முழுதும் தொலைபேசியில் கேட்டோம். ‘அடுத்த சீசனில் சரிபண்ணிவிடலாம்’ என்றார்கள். 2018 ஜூலையில்தான் ஒப்பந்தத்தின் பின்பக்கத்தை நான் முதன்முறையாகப் படித்தேன். தரம் பற்றிய புகார் அல்லாத மற்ற வழக்குகளுக்கு, கப்பலேற்றக் கெடு முடிந்து ஓராண்டுக்குள் நடுவர் மன்றத்துக்கு அழைப்பு அனுப்ப வேண்டும் என்பது காஃப்டா விதி. தரம் பற்றிய புகாரானால் சரக்கு இறங்கி முடிந்ததிலிருந்து 21 நாள்தான். எங்களுக்கு மிச்சம் இருந்தது ஆறு வாரம். அப்போதுதான் சிங்கப்பூர் வழக்கறிஞரைத் தேடிப் பிடித்தோம்.

அவர் முதலில் கேட்டது ஒப்பந்தத்தை அல்ல. ஆகஸ்ட் 21 முதல் 31 வரை இரு தரப்பும் அனுப்பிய ஒவ்வொரு செய்தியையும் கேட்டார். அண்ணனின் பதிலைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “அண்ணன் இதை அனுப்புவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் என்னைக் கூப்பிட்டிருந்தால் நான் உங்களிடம் காசே வாங்கியிருக்க மாட்டேன்” என்றார்.

எதிர்த்தரப்பு வாதம் எளிமையானது. “நாங்கள் நிறுத்தச் சொன்னோம், அவர்கள் ‘சரி’ என்றார்கள், ஒப்பந்தம் இருவர் சம்மதத்தோடு முடிந்துவிட்டது, முடிந்த ஒப்பந்தத்துக்கு நட்டஈடு கிடையாது.” அவர்கள் கொடுத்த ஆங்கில மொழிபெயர்ப்பில் ‘சரிங்க’ என்பது ‘ஒப்புக்கொள்கிறோம்’ என்று இருந்தது. ‘பாத்துக்கலாம்’ என்பது ‘பிரச்சினை இல்லை’ என்று ஆகியிருந்தது. எங்கள் மொழிபெயர்ப்பில் ‘சரிங்க’ என்றால் ‘உங்கள் செய்தி கிடைத்தது’. ‘பாத்துக்கலாம்’ என்றால் ‘இதைப் பற்றிப் பின்னர் பேசுவோம்’.

இரண்டும் தமிழ்தான். வீட்டில் மனைவி காய்கறி வாங்கி வரச் சொன்னால் ‘சரி’ என்கிறோம், வாங்கி வருகிறோமா? சம்பந்தி வீட்டார் வரதட்சணை பேசும்போது ‘சரிங்க, பாத்துக்கலாம்’ என்று பெண்ணின் தகப்பனார் சொன்னால் அது சம்மதமா, தவணையா, மறுப்பா? அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். வெளியே யாருக்கும் தெரியாது. லண்டன் நடுவர் மூவரும் வெளியே இருந்தவர்கள்.

நான் கையெழுத்திட்டு விளக்கக் குறிப்பு ஒன்று அனுப்பினேன். தமிழ் வணிகர் உரையாடலில் ‘சரிங்க’ என்பது பெரும்பாலும் கேட்டுக்கொண்டதற்கான அடையாளமே அன்றி இசைவு ஆகாது என்று மூன்று பக்கம் எழுதினேன். பள்ளியில் தமிழ்க் கட்டுரைக்கு முப்பத்தைந்து மதிப்பெண்ணுக்கு மேல் வாங்காதவன் நான்.

10 ஜூன் 2024

அண்ணன் இப்போது யார் எதை அனுப்பினாலும் ‘செய்தி கண்டேன்’ என்று மட்டுமே பதில் எழுதுகிறார். பீலிக்கான் அங்காள பரமேஸ்வரி கோயில் திருவிழா அழைப்புக்கும் அதே பதில்தான் போனது. கோயில்காரர்கள் வருத்தப்பட்டார்கள்.

16 ஜூன் 2024

‘நம் ஊர்ச் சட்டமே போதாதா, இங்கிலாந்துச் சட்டம் எதற்கு’ என்று பெகுவிலிருந்து ஒருவர் கேட்கிறார். நல்ல கேள்வி. நம் பர்மிய ஒப்பந்தச் சட்டமும் இந்திய ஒப்பந்தச் சட்டமும் ஒரே 1872-ஆம் ஆண்டுச் சட்டம்தான். 1937-இல் நாடு பிரிந்த பிறகும் பிரிவு எண்கள்கூட மாறவில்லை. பொருள் விற்பனைச் சட்டமும் அப்படியே, 1930. ரங்கூன் வணிகரும் சென்னை வணிகரும் ஒரே புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பேசலாம். அப்படியிருந்தும் மூன்றாவது ஊரின் சட்டத்தைப் போடுவது ஏனென்றால், சட்டம் ஒன்றானாலும் நீதிமன்றம் ஒன்றில்லை. அவர் ஊர் மன்றத்தை நாம் நம்புவதில்லை. நம் ஊர் மன்றத்தை அவர் நம்புவதில்லை.

எங்கள் வழக்கில் எதிர்த்தரப்பு ஒப்பந்தச் சட்டத்தின் 56-ஆம் பிரிவைச் சொன்னது என்று முன்பு ஒருவருக்குத் தனியே எழுதியிருந்தேன். அது பாதிதான் சரி. நிறைவேற்ற இயலாமற்போன ஒப்பந்தம் செல்லாது என்பது 56. இருவரும் சேர்ந்து ஒப்பந்தத்தைக் கைவிட்டால் அதை நிறைவேற்ற வேண்டியதில்லை என்பது 62. ‘சரிங்க’ வாதம் 62-ஐச் சேர்ந்தது. இரண்டையும் அவர்கள் மாறி மாறி எடுத்தார்கள். எங்கள் ஒப்பந்தத்துக்கு இங்கிலாந்துச் சட்டம் என்று எழுதியிருந்ததால், இந்தப் பிரிவுகள் கடைசியில் ஓரமாகவே நின்றன.

23 ஜூன் 2024

‘நட்டத்தைக் கணக்கிட எந்த நாள் விலையை எடுத்தீர்கள்’ என்று மாண்டலே நண்பர் கேட்டிருக்கிறார். அனுபவப்பட்டவர் கேட்கிற கேள்வி.

சாதாரணமாக, ஒப்பந்தத்தை மீறிய நாளில் சந்தை விலை என்ன, ஒப்பந்த விலை என்ன, இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் நட்டம். ஆனால் மீறிய நாள் எது? ‘எடுக்க முடியாது’ என்று எழுதிய ஆகஸ்ட் 22-ஆ, கெடு முடிந்த 31-ஆ? அந்த ஒன்பது நாளில் விலை நாள்தோறும் நகர்ந்தது. பயின்னவுங் விலையோ வீசைக்கு இத்தனை கியாட் என்று இருக்கும். ஒப்பந்தம் டன்னுக்கு டாலர். ஒரு வீசை 1.633 கிலோ, டன்னுக்குச் சுமார் 612 வீசை. அண்ணன் 600 என்று போட்டு வைத்திருந்தார். வழக்கறிஞர் கண்டுபிடித்துத் திருத்தினார். (வீசை நம் ஊர்ச் சொல். தமிழ்நாட்டில் அது கிலோவுக்கு வழிவிட்டுப் போய்விட்டது. பர்மாவில் இன்னும் தராசில் நிற்கிறது. ஆங்கிலேயர் ‘விஸ்’ என்று எழுதி வைத்ததும் அதையே.)

நாளைப் பற்றிய சண்டையில் எங்கள் வழக்கறிஞர் அடிக்கடி எடுத்துக்காட்டியது புங்கே – நிடெரா வழக்கு. பருப்பு வியாபாரி ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. 2010 ஜூனில் 25,000 டன் ரஷ்யக் கோதுமைக்கு ஒப்பந்தம். நொவொரஸிஸ்க் துறைமுகத்தில் ஆகஸ்ட் 23 முதல் 30-க்குள் ஏற்ற வேண்டும். ஆகஸ்ட் 5 அன்று ரஷ்யா, 15-ஆம் தேதி முதல் ஆண்டு இறுதிவரை கோதுமை ஏற்றுமதிக்குத் தடை என்று அறிவித்தது. விற்றவர் 9-ஆம் தேதியே ‘ஒப்பந்தம் ரத்து’ என்று எழுதிவிட்டார். வாங்கியவர் 11-ஆம் தேதி, ‘நீங்கள் அவசரப்பட்டு முறித்துவிட்டீர்கள், அந்த முறிவை ஏற்கிறோம், நட்டஈடு தாருங்கள்’ என்றார். விற்றவர் மறுநாளே ‘பழைய ஒப்பந்தத்தையே வைத்துக்கொள்ளலாம்’ என்றார், வாங்கியவர் மறுத்தார். காஃப்டா மேல்முறையீட்டு வாரியம் 30,62,500 டாலர் கொடுக்கச் சொன்னது. வழக்கு இங்கிலாந்து உச்ச நீதிமன்றம் வரை போனது. தடை எப்படியும் நீடித்துச் சரக்கு வந்திருக்கப் போவதில்லை, ஆகவே வாங்கியவருக்கு உண்மையான நட்டம் ஏதுமில்லை என்று 2015-இல் தீர்ப்பானது. கிடைத்த தொகை ஐந்து டாலர்.

ஐந்து லட்சம் அல்ல, ஐந்து. எங்கள் அண்ணன் இதைக் கேட்டுவிட்டு, “அந்த ஐந்து டாலரை யார் போய் வாங்கினார்கள்?” என்று கேட்டார். வழக்கறிஞரிடம் அதற்குப் பதில் இல்லை.

நான் இதில் கவனித்தது வேறு. சிக்கலின் தொடக்கம் ரஷ்யத் தடை அன்று. தடை நடைமுறைக்கு வருவதற்கு ஆறு நாள் முன்னாலேயே அனுப்பப்பட்ட கடிதம். பொறுத்திருந்தால் ஒப்பந்தத்தின் தடைப் பிரிவே விற்றவரைக் காப்பாற்றியிருக்கும்.

2 ஜூலை 2024

தடைப் பிரிவைப் பற்றி. மோல்மேன் தம்பி, உங்கள் நான்கு பக்கத்தில் இந்த ஒரு பத்தியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

காஃப்டா படிவங்களில் வழக்கமாக உள்ள தடைப் பிரிவு, சரக்கு விளைந்த நாட்டின் அரசோ, ஏற்றுமதித் துறைமுகம் இருக்கும் நாட்டின் அரசோ ஏற்றுமதியைத் தடுத்தால் என்ன ஆகும் என்று பேசுவது. வாங்குகிற நாடு இறக்குமதியைக் கட்டுப்படுத்தினால் என்ன என்பதை அது பேசுவதில்லை. 2017-இல் தடுத்தது பர்மா அன்று, இந்தியா. ஆகவே எங்கள் சென்னைக்காரரால் அந்தப் பிரிவின் கீழே ஒதுங்க முடியவில்லை. ‘அரசே தடுத்துவிட்டது’ என்று அவர் சொன்னது மனிதரிடம் எடுபடும், படிவத்திடம் எடுபடாது. மேலும் அது முழுத் தடையன்று, அளவு வரம்பு. வரம்புக்குள் கொண்டுவர அவர் முயன்றாரா என்ற கேள்வி எழும். முயன்றதற்குக் காகிதம் எதுவும் அவரிடம் இல்லை.

அந்தக் காலத்தில் வேறு சிலர் உயர்நீதிமன்றங்களில் இடைக்கால ஆணை வாங்கி வரம்புக்கு மேலும் சரக்கை இறக்கினார்கள். வரம்பு போட அரசுக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்டில் இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னது. இடைக்கால ஆணையை நம்பி இறக்கியவர்கள் அதன் விளைவை ஏற்கத்தான் வேண்டும் என்றும் சொன்னது. எங்கள் சென்னைக்காரர் அந்த வழிக்குப் போகாதது அவருடைய நல்ல காலம்.

2021 மே மாதத்தில் இந்தியா உளுந்தையும் துவரையையும் மறுபடி தாராளமாக்கியது; அடுத்த மாதம் பர்மாவிலிருந்து ஐந்தாண்டுக்கு, ஆண்டுதோறும் இரண்டரை லட்சம் டன் உளுந்தும் ஒரு லட்சம் டன் துவரையும் வாங்குவதாக ஒப்புக்கொண்டது. இதைக் காட்டி, ‘இனி அந்தக் கவலை இல்லை’ என்று தரகர்கள் சொல்வார்கள். தாராளமாக்கிய அறிவிக்கைகள் கெடு வைத்தே வந்திருக்கின்றன என்பதைத் தரகரிடம் சொல்லுங்கள்.

7 ஜூலை 2024

‘லண்டனில் தீர்ப்பு வாங்கினால் சென்னையில் பணம் வருமா’ என்பது அடுத்த கேள்வி. இதற்கு நேரான பதில்: வரலாம்.

வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை நாடுகள் ஏற்று நிறைவேற்றுவதற்கான 1958-ஆம் ஆண்டு நியூயார்க் உடன்படிக்கையில் இந்தியா 1960 முதல் இருக்கிறது. நாம் சேர்ந்தது 2013-இல்தான். அதற்கான உள்நாட்டுச் சட்டம் 2016 ஜனவரியில் வந்தது. அதற்கு முன்பு வெளிநாட்டு நடுவர் தீர்ப்பை ரங்கூனில் நிறைவேற்றப் போனவர்கள் 1939-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தூசு தட்டிக்கொண்டிருந்தார்கள். இந்தியா, தன் அரசிதழில் பெயர் குறித்த நாடுகளின் தீர்ப்பை மட்டுமே இந்த உடன்படிக்கையின்படி ஏற்கும். பிரிட்டனும் சிங்கப்பூரும் அந்தப் பட்டியலில் உண்டு. நடுவர் மன்றத்துக்கு ஊர் தேர்வு செய்யும்போது வழக்கறிஞர் முதலில் பார்ப்பது அந்தப் பட்டியலைத்தான்.

ஆனால் பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது. நாஃபெட் – அலிமென்டா வழக்கைப் பாருங்கள். 1980-இல் 5,000 டன் நிலக்கடலைக்கு ஒப்பந்தம்; விற்றவர் இந்தியக் கூட்டுறவு அமைப்பான நாஃபெட், வாங்கியவர் அலிமென்டா. புயலும் பிறவும் குறுக்கிட்டு 1,900 டன்தான் போனது. மீதியை அடுத்த ஆண்டு அனுப்ப இந்திய அரசு அனுமதிக்கவில்லை. எண்ணெய் வித்துகளுக்குக் காஃப்டா போன்றதான ஃபாஸ்ஃபாவில் வழக்கு நடந்து, வாங்கியவருக்குச் சாதகமாகத் தீர்ப்பும் வந்தது. அதை இந்தியாவில் நிறைவேற்றக் கேட்டு நடந்த வழக்கு 2020 ஏப்ரலில்தான் முடிந்தது: அரசு அனுமதி இல்லாமல் ஏற்றுமதி செய்வது இந்தியப் பொதுக்கொள்கைக்கு மாறானது, ஆகவே தீர்ப்பை நிறைவேற்ற முடியாது. நாற்பது ஆண்டு. ஒப்பந்தம் போட்ட ஆண்டில் பிறந்த பிள்ளைக்குத் தலை நரைத்திருக்கும்.

அந்தத் தீர்ப்பு வந்த அன்று எங்கள் வழக்கறிஞர் எனக்கு ஒரு சொல் மட்டும் அனுப்பினார்: ‘நல்லவேளை’. ஏனென்றால் நாங்கள் அதற்கு முந்தின ஆண்டே சமரசம் செய்துகொண்டிருந்தோம்.

8 ஜூலை 2024

ஆம், சமரசம்தான். முதல் குறிப்பிலேயே சொல்லியிருக்க வேண்டும். வழக்கில் வென்றவன் போல எழுதிவிட்டேன். 21,600 கேட்டு 9,500 டாலருக்கு 2019-இல் முடித்துக்கொண்டோம். அதுவும் ரொக்கமாக அன்று; அடுத்து அனுப்பிய சரக்குகளின் விலையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கொடுத்தார்கள்.

14 ஜூலை 2024

செலவு பற்றித் தம்பி விடாமல் கேட்கிறார். இந்த வழக்கறிஞர்கள் நேரத்தை ஆறு நிமிடத் துண்டுகளாக நறுக்கிக் கணக்கிடுவார்கள். ‘வணக்கம், சௌக்கியமா’ என்று தொடங்கினால் ஒரு துண்டு போய்விடும் என்று அண்ணன் வணக்கமே சொல்ல மாட்டார். எங்களுக்கு அவர் வாங்கியது மொத்தம் 3,100 டாலர். காஃப்டாவுக்குக் கட்டிய முன்பணம் தனி.

இது குறைவு, அதற்குக் காரணம் அவரே. முதல் பேச்சிலேயே, “இருபதாயிரம் டாலர் வழக்குக்கு என்னை முழுக்க வைத்துக்கொண்டால் மிஞ்சுவது என் ரசீது மட்டும்தான். கடிதத்தை நீங்கள் எழுதுங்கள், நான் அடித்துத் திருத்துகிறேன்” என்றார். நான் எழுதிய முதல் கடிதம் எட்டுப் பக்கம். சென்னைக்காரரின் தகப்பனார் காலத்து நட்பு, 2008 நர்கிஸ் புயலில் எங்கள் கிட்டங்கி போனபோது அவர்கள் செய்த உதவி, நன்றி மறந்தது யார் என்ற கேள்வி எல்லாம் அதில் இருந்தன. திரும்பி வந்தது ஒன்றரைப் பக்கம். தேதி, அளவு, விலை, செய்தி, விற்ற சீட்டு. நர்கிஸைச் சிவப்பு மையால் அடித்து ஓரத்தில், ‘இது அவர்களுக்குத்தான் உதவும்’ என்று எழுதியிருந்தார். அப்போது எனக்கு அது விளங்கவில்லை.

பெரிய தொகையானால் கணக்கே வேறு. ஒரு கப்பல் முழுக்கக் கோதுமை விற்பவர்களுக்கு வழக்கறிஞர் செலவு உப்புப் போட்ட மாதிரி. பத்துப் பெட்டிக்காரர்களான நமக்கு அவர் முழுநேர ஆள் அல்லர். வைத்தியரிடம் சீட்டு வாங்குவதுபோல வாங்கிக்கொண்டு வந்துவிட வேண்டும்.

21 ஜூலை 2024

தம்பியின் ஒப்பந்தத்தில் பணம் டாலரில் என்று இருக்கிறது. வாங்குகிறவர் ‘ரூபாயில் தருகிறேன்’ என்கிறாராம். மறுக்கலாமா என்று கேட்கிறார்.

இந்த ஆண்டு ஜனவரி முதல் இந்திய அரசு, பஞ்சாப் தேசிய வங்கியில் உள்ள சிறப்புக் கணக்கின் வழியாக ரூபாய் – கியாட் முறையில் பருப்புக்குப் பணம் செலுத்தும்படி இறக்குமதியாளரை ஊக்குவித்து வருகிறது. நம் பக்கத்தில் இரண்டு அரசு வங்கிகள் மீது சென்ற ஆண்டு ஜூனில் அமெரிக்கா தடை போட்டுவிட்டதால் டாலர் வரும் வழியும் நெருக்கடிதான். ஆனால் நடைமுறை வசதி வேறு, ஒப்பந்த உரிமை வேறு. இரண்டு மாதம் முன்பு, மே 15 அன்று, இங்கிலாந்து உச்ச நீதிமன்றம் இதே போன்ற ஒன்றில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. கினியிலிருந்து உக்ரைனுக்குப் பாக்சைட் ஏற்றும் கப்பல் ஒப்பந்தம், கட்டணம் டாலரில். அமெரிக்கத் தடையால் டாலர் தடைபடும் நிலை வந்தபோது, ‘யூரோவில் தருகிறோம், மாற்றுச் செலவும் எங்களுடையது’ என்று கட்டணம் கொடுக்க வேண்டியவர் சொன்னார். கப்பல்காரர் மறுத்தார். ஒப்பந்தத்தில் இல்லாத முறையை ஏற்கும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்று தீர்ப்பானது.

எனவே மறுக்கலாம். மறுத்துவிட்டுச் சரக்கை எங்கே வைப்பீர்கள் என்பதை நீதிமன்றம் சொல்லாது. ரூபாயை ஏற்பதானால், ‘இந்த ஒரு சரக்குக்கு மட்டும், மற்ற உரிமைகளை விடாமல்’ என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள். அந்த ஒரு வரிக்குத்தான் வழக்கறிஞர்.

4 ஆகஸ்ட் 2024

இதை எழுதலாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன். பெயர்கள் இல்லாததால் எழுதுகிறேன்.

சமரசம் முடிந்து சில மாதம் கழித்து, ஒரு மாலை நானும் அண்ணனும் கிட்டங்கி வாசலில் லப்பேயே (பர்மியத் தேநீர்) குடித்துக்கொண்டிருந்தபோது, அந்த ‘சரிங்க’ பற்றி நான் என் மூன்று பக்க விளக்கத்தைப் பெருமையாக நினைவுபடுத்தினேன். அண்ணன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “நான் விட்டுவிடலாம் என்றுதான்டா எழுதினேன்.”

நர்கிஸில் எங்கள் சரக்கெல்லாம் நனைந்து அழுகியபோது, சென்னைக்காரரின் தகப்பனார் எங்களிடமிருந்து தமக்கு வரவேண்டிய முன்பணத்தை இரண்டு ஆண்டு கேட்கவேயில்லை. அண்ணன் அன்று போன் செய்து தயங்கியபோது அந்தப் பெரியவர் சொன்னது, ‘பாத்துக்கலாம்’. ஒன்பது ஆண்டு கழித்து அவர் மகன் நெருக்கடியில் எழுதியபோது அண்ணன் அதே சொல்லைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். அந்தப் பக்கம் படித்தவருக்கும் அது அப்படித்தான் பட்டிருக்கும். அவர்களுடைய மொழிபெயர்ப்பு, ஆங்கிலம் எவ்வளவு முரடாக இருந்தாலும், என்னுடையதைவிடச் சரியானது. பிறகு விலை இன்னும் சரிந்து, வங்கிக் கடன் கழுத்தைப் பிடித்தபோது நான்தான் வழக்கென்று கிளம்பினேன், அண்ணன் தடுக்கவில்லை.

வழக்கறிஞரிடம் இதைச் சொன்னேன். பொய்க் குறிப்பில் கையெழுத்திட்டுவிட்டேனா என்று கேட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார். எழுதியவர் மனத்தில் என்ன நினைத்தார் என்பதை இங்கிலாந்துச் சட்டம் கேட்பதில்லை. சூழ்நிலை அறிந்த நடுநிலையான ஒருவர் அந்தச் சொல்லைப் படித்தால் என்ன பொருள் கொள்வார் என்பதைத்தான் கேட்கும். நான் எழுதியது சொல்லின் வழக்கைப் பற்றி, அது பொய்யன்று. “ஆனால் சூழ்நிலை அறிந்தவர் என்றால் நர்கிஸும் அதில் சேரும். அதனால்தான் அடித்தேன்” என்றார். அந்தப் பேச்சுக்கு அவர் ரசீது அனுப்பவில்லை.

சட்டப்படி அவர் சொன்னது சரியாகவே இருக்கும். அந்த 9,500-இல் ஒரு பகுதியை அண்ணன் இன்னும் சென்னைக்காரருக்கு எடை கூட்டிப் போட்டே கழித்துக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். நான் கேட்பதில்லை.

5 ஆகஸ்ட் 2024

‘அப்படியானால் என் முதல் கேள்வியே சரி, நாணயம் இருந்தால் வக்கீல் வேண்டாம்’ என்று தம்பி எழுதியிருக்கிறார். இல்லை. அன்று காலை அண்ணன் ஒருவரைக் கேட்டிருந்தால், ‘மீதி ஆறு பெட்டியை நாங்கள் விட்டுக்கொடுக்கிறோம், நட்டத்தில் பாதி உங்களுடையது’ என்று தெளிவாக ஒரு வரி எழுதியிருப்பார். தொகையும் ஏறக்குறைய இதே தொகைதான் வந்திருக்கும். இரண்டு ஆண்டும் என் மூன்று பக்கமும் மிஞ்சியிருக்கும்.

11 ஆகஸ்ட் 2024

தம்பி அனுப்பிய புதிய வரைவைப் பார்த்தேன். தடைப் பிரிவில் ‘விளைந்த நாடு’ என்பதற்குப் பக்கத்தில் ‘அல்லது இறக்குமதி செய்யும் நாடு’ என்று சேர்த்திருக்கிறார்கள். அவர்கள் தரப்பிலும் யாரோ வழக்கறிஞர் பார்த்திருக்கிறார். ஏற்பதானால் விலையில் அதற்கு ஈடு கேளுங்கள்; அல்லது தடை வரும் நாளில் கிட்டங்கியில் இருக்கும் சரக்குக்கு வாடகையும் வங்கி வட்டியும் அவர்கள் தர வேண்டும் என்று சேருங்கள். நான்காம் பக்கத்தில் ‘செய்திகள் மின்னஞ்சல் வழியாக மட்டுமே செல்லும்’ என்று ஒரு வரி இருக்கிறது. அதை எடுக்கச் சொல்லாதீர்கள். வைபரை அப்பாவிடமிருந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.